பிறப்புச் செருக்கும் பொதுநலமும்

திரியாயிலே வயல் செய்வோர் குளத்தின் அருமையை நன்கறிவர். மாரியிலே தேங்கும் நீரே பின்பு நெல்லாகின்றது. துருசு திறக்கும் நாளிலே மேல்வயலுக்கும் கீழ்வயலுக்கும் முறைவைத்தே நீர் பாயும். அயல்வயற்காரனோடு பேச்சுவார்த்தையற்றவனும் அவனுடைய முறையை மறித்தல் தகாதென்பதை ஒப்புவான். இத்தகைய ஊரிலிருந்து நோக்குவார்க்கு, மற்றவனும் இறங்கிவிடுவானே என்னுங் காரணத்தால் ஒருவன் தன் குளத்தையே மண்ணிட்டுத் தூர்த்தான் எனின், அது பித்தர் செயலாகவே தோன்றும்.

ஆயினும் அது நிகழ்ந்ததுண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே அலபாமா மாகாணத்து மொன்கோமரி நகரில், பொதுப் பூங்காக்களிலே கறுப்பரையும் புகவிடல் வேண்டுமென வழக்குத் தொடரப்பட்டது. நகரசபையார் 1959ஆம் ஆண்டிலே பூங்காக்கள் யாவற்றையும் மூடினர்; விலங்குச்சாலையிலிருந்த விலங்குகளை விற்றனர்; நீந்துகுளத்தை மண்ணாற் றூர்த்தனர். 1965ஆம் ஆண்டுவரை அப்பூங்காக்கள் திறக்கப்பட்டில. கறுப்பர் குளிக்கலாகாதென்று அவர் கருதினர்; அதன்பொருட்டுத் தம் மக்களுங் குளிக்க இடமின்றி நிற்க உடன்பட்டனர்.

ஆசிரியராகிய நம்மனோர் இதனினும் ஊன்றி நோக்கத்தக்கது வேர்ஜீனியா மாகாணத்துப் பிறின்ஸ் எட்வேட் கோட்டத்தின் வரலாறு. அங்கே கறுப்பப் பிள்ளைகளுக்குரிய உயர்தரப் பாடசாலையிலே இடம் போதாமையால், தாரொட்டிய கொட்டில்களிலே வகுப்புக்கள் நடைபெற்றன. 1951ஆம் ஆண்டிலே பாபறா ஜோன்ஸ் என்னும் பதினாறு வயது மாணவியின் தலைமையில் மாணவர் வகுப்பைப் புறக்கணித்தனர். அதிலிருந்து பிறந்த வழக்கு வேறு சில வழக்குகளோடு சேர்த்து விசாரிக்கப்பட்டது. நிறப்பிரிவினைப் பாடசாலைகள் சட்டத்துக்கு மாறானவை என 1954இல் உயர்நீதிமன்றந் தீர்த்தது. கோட்டத்தை ஆண்ட வெள்ளையர் செய்ததென்னை? 1959ஆம் ஆண்டிலே பொதுப் பாடசாலைகள் அனைத்தையும் ஒருங்கே மூடிவிட்டனர். வெள்ளைப் பிள்ளைகளுக்கெனத் தனிப் பாடசாலையொன்று எழுந்தது. கறுப்பப் பிள்ளைகள் 1500க்கு மேற்பட்டோர் படிக்க வழியின்றி நின்றனர். அத்தனிப் பாடசாலைக்குப் பணங்கட்ட இயலாத ஏழை வெள்ளையர் சிலரின் பிள்ளைகளும் அவரோடு நின்றனர். 1964இல் நீதிமன்றம் மீண்டுந் தலையிட்ட பின்னரே கதவு திறந்தது. ஏழு வயதில் நின்ற பிள்ளை பன்னிரண்டு வயதில் மீண்டது. அவ்வைந்தாண்டு என்னவென்பதை வகுப்பறையில் நிற்பவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

தனக்கே இழப்பு வருவதாயினும் பிறர்க்கு நன்மை வருதலைப் பொறாத இந்நிலை எதனால் உண்டாவது? டூ போய்ஸ் என்னுங் கறுப்பறிஞர் 1935இல் வெளியிட்ட தமது வரலாற்று நூலிலே இதற்கு விடை தேடினார். ஏழை வெள்ளைத் தொழிலாளிக்குக் கிடைத்த காசு சிறிதே. ஆயின் வெள்ளையன் என்னும் மதிப்பு அவனுக்கு மற்றொரு கூலியாயிற்று என்பது அவர் கருத்து. அக்கூலி, கீழே ஒருவன் நிற்குமளவுமே செல்லும். ஆதலின் பொதுவாக வழங்கப்படும் எந்நன்மையும் தன் கூலியைப் பறிப்பதாகவே அவனுக்குத் தோன்றுகின்றது. சித்தாந்தம் பயின்றார் இதனை ஆணவத்தின் தொழிலென எளிதிற் கூறிவிடுவர். அது பிழையன்று. ஆனால் இங்கே அவ்வாணவம் சட்டமாகவும் வரவுசெலவுத் திட்டமாகவும் உருக்கொண்டு நின்றதென்பதையுஞ் சேர்த்துக் கூறல்வேண்டும்.

இஃது எங்கோ நடந்த கதையென்று தள்ளவும் இயலாது. 1860 முதல் நேற்றாலிலே கரும்புத்தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றாருள் நம்மவர் மிகப்பலர். ஒப்பந்தம் முடிந்த பின்னும் அந்நாட்டிலே தங்க விரும்பினார்மீது ஆண்டுக்கு மூன்று பவுண் வரி விதிக்க 1895இல் சட்டம் பிறந்தது. உழைப்பு வேண்டும், உழைத்தவன் குடியாதல் வேண்டா என்பதே அதன் பொருள். 1913இல் எழுந்த அறப்போரிலே சிறைசென்று, நோயுற்று, அடுத்த ஆண்டில் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மையை யாவரும் அறிவர். பலர் அறியாதது பிற்பட்ட செய்தி. தென்னாபிரிக்காவில் முதியோர்க்கு உபகாரச் சம்பளம் வழங்க 1928இல் இயற்றிய சட்டம் கறுப்பரையும் இந்தியரையும் விலக்கியது. 1944இல் அவரைச் சேர்த்தபோதும் வெள்ளையரினுங் குறைந்த தொகையே விதித்தது. மூப்பும் பசியும் நிறம்நோக்கி வருவனவோ?

இலங்கைத் தோட்டங்களிலும் இச்செருக்கு நிலவிற்று. பிறேஸ்கேடில் என்னும் இளைஞர் தோட்டத்தொழில் பழக வந்த வெள்ளையர். அவர் தமிழ்த் தொழிலாளர் படுந் துயர்கண்டு அவர் பக்கஞ் சேர்ந்து மேடையேறிப் பேசினார். 1937 ஏப்பிரிலிலே தேசாதிபதி அவரை நாடுகடத்த உத்தரவிட்டார். அடுத்த மாதமே உயர்நீதிமன்றம் அவ்வுத்தரவு செல்லாதென்றது. கூலியுயர்வு கேட்பவன் தமிழனாயின் அவனைத் தோட்டத்தினின்றும் அகற்றுதல் எளிது. வெள்ளையனொருவனே கேட்டபோது துரைமார் கலங்கினர். வெள்ளையரெல்லாம் ஒரு நிரை என்னும் எண்ணமே அங்கு உடைந்துபோயிற்று.

ஈண்டு ஒரு தடை எழும். மேலோரெனத் தம்மை எண்ணினார் தருமஞ் செய்திலரோ? மருத்துவச்சாலை கட்டினாரும் ஏழைகளுக்கு உணவளித்தாரும் அவருள் இலரோ எனின், உளர். செருக்கு ஈகையை வெறுப்பதில்லை, விரும்பவுஞ் செய்யும். கொடுக்கும் கை மேலும் ஏற்குங் கை கீழும் நிற்றலின், ஈகையாற் படிமுறை குலைவதில்லை. உரிமையாற் பெறும் பங்கோ அவ்வாறன்று. பாடசாலையிலே பெயர் பதிந்த பிள்ளை யாருக்கும் நன்றிகூறக் கடமைப்பட்டதன்று; முறைநீர் பெறும் வயற்காரன் யாரையுங் கும்பிடுவதில்லை. செருக்குப் பொறாதது இதனையே. அன்னதானத்துக்குப் பொன் வழங்கியவர் சமபந்தியென்றவுடன் எழுந்துபோன காட்சியை நம்மிற் கண்டார் பலர்.

நம்மில் என்று எழுதிய பின் நிறுத்தலாகாது. அரசினர் உதவிபெறும் பாடசாலைகளிலே சகல பிள்ளைகளும் சமாசனமாக இருத்தல் வேண்டுமென்ற விதி நடைமுறைக்கு வந்தபோது, 1930ஆம் ஆண்டையொட்டி யாழ்ப்பாணத்திலே சில பாடசாலைகள் தீயிடப்பட்டன. தீயிட்டவர் வெள்ளையரல்லர். மருதனார்மடத்திலே பெண்களுக்குக் கல்லூரி கண்டு சைவவுலகின் நன்றிக்குரியவரான சேர். பொன். இராமநாதனே, டொனமூர் குழுவினர் பரிந்துரைத்த சர்வசன வாக்குரிமையை எதிர்த்து நின்றார். முதுமையிலும் 1930இல் இலண்டன் சென்று வழக்குரைத்தார். அவரிடத்து நாம் வைத்த மதிப்பு இதனை மறைக்கத் தேவையில்லை. அக்காலத்திலேயே யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸினர் தீண்டாமைக்கு மாறாகப் பேசினர் என்பதும் உண்மை. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்தது; 1968இல் மாவிட்டபுரத்துக் கோயில் வாயிலிலே வழிபட வந்தவர்கள் தடுக்கப்பட்டனர்.

வெள்ளையர் செருக்கும் நம் சாதிச்செருக்கும் ஒன்றல்ல என்பார் உளர். தோற்றுவாய் வேறு, நூற்றுணை வேறு, அதிகாரத்தின் அளவும் வேறு, ஒப்புவோம். ஆயினும் பகிர்வதினும் அழிப்பது நன்றென்னும் துணிபு இரண்டிடத்தும் ஒன்றாய் நிற்கின்றது. பாடசாலையை மூடியவனையும் எரித்தவனையும் வேறுபிரித்தல் எமக்கு இயலவில்லை.

பிறின்ஸ் எட்வேட் வரலாற்றை வகுப்பிலே யாம் ஒருமுறை கூறியபோது மாணவனொருவன் எழுந்து, "ஐயா, அப்போது அங்கே படிப்பித்த ஆசிரியர்கள் என்ன செய்தார்கள்?" என்று வினாவினான். கறுப்பராகிய ஆசிரியர் வேலையிழந்து வேறிடம் பெயர்ந்தனர். வெள்ளையராகிய ஆசிரியருட் பெரும்பாலார் புதிய தனிப் பாடசாலையிலே பணியேற்றனர் என்று விடையிறுத்தோம். அவன் மேலொன்றுங் கேளாது அமர்ந்தான்.