வாரத்துக்கு ஒரு வசனம்

வயது ஏற ஏற நம் நினைவு நிதானமாகிறது. தெரிந்தவர் பெயர் நாக்கின் நுனிவரை வந்து நின்றுவிடுகிறது. மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று வீடு முழுக்கத் தேடுகிறோம். இந்த நிலையில், இனிமேலா வேத வாசிப்பு, இனிமேலா மனப்பாட வசனம் என்று மனம் கேட்கத்தான் செய்யும். கேட்கட்டும். அதை அதட்டி அடக்க வேண்டாம். கேட்டுக் கேட்டு அது தானே ஓயும்வரை நாம் பொறுத்திருக்கலாம். நமக்கு அவசரமில்லை.

சிறுவயதில் ஓய்வுநாள் பள்ளிக்குப் போனவர்களுக்கு அந்த வேகம் ஞாபகம் இருக்கும். மூச்சுவிடாமல் ஒப்பித்து, கடைசியில் அதிகாரத்தையும் வசனத்தையும் சொல்லி முடித்து, பரிசாக ஒரு சோப்பு டப்பாவையோ டிபன் பாக்ஸையோ வாங்கிக்கொண்டு ஓடிய வயது அது. வசனம் நாவில் இருந்தது. மனம் பரிசில் இருந்தது. அந்த வயதுக்கு அது அழகு. இந்த வயதுக்கு வேறோர் அழகு உண்டு. இப்போது போட்டி இல்லை. முந்திக்கொள்ள வேண்டிய பிள்ளை பக்கத்தில் இல்லை. சிறுவயதில் ஒரு வசனமும் படிக்காமல், அறுபதைத் தாண்டி விசுவாசத்துக்குள் வந்தவருக்கும் இதே இடம்தான், இதே நேரம்தான். யாரும் பின்தங்கியவர் இல்லை.

ஆனாலும் ஆசை அத்தனை எளிதில் விடுவதில்லை. புத்தாண்டு ஆராதனை முடிந்து, கையில் வாக்குத்தத்த அட்டையோடு வீடு திரும்பும்போதே மனம் கணக்குப் போடத் தொடங்குகிறது. 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று, நான்கு அதிகாரம் வாசித்தால் ஒரே வருடத்தில் முடித்துவிடலாம். ஆதியாகமம் கதை கதையாக ஓடிவிடுகிறது. யாத்திராகமத்தில் செங்கடலைத் தாண்டும்வரை விறுவிறுப்பு குறைவதில்லை. ஆசரிப்புக் கூடாரத்தின் நீள அகலங்கள் வரும்போது கண் சொக்குகிறது. லேவியராகமத்தில் நம்மில் பலர் நின்றுவிடுகிறோம். ஒரு நாள் விட்டுப்போகிறது, பிறகு நான்கு நாள். பாக்கி ஏறிக்கொண்டே போகிறது. கடைசியில் வேதாகமத்தைத் திறக்கவே கூச்சமாகிவிடுகிறது.

முழு வேதாகமத்தையும் வாசிப்பது நல்ல காரியம். ஆனால் முடித்தாக வேண்டும் என்ற தவிப்பும் ஓர் ஆசைதான். பக்தியின் உடையில் வருவதால் அதை நாம் அடையாளம் கண்டுகொள்வதில்லை. தவிப்பு இருக்கும்போது கண் ஒரு வசனத்தில் இருக்கிறது, மனம் அடுத்த அதிகாரத்துக்குப் போய்விடுகிறது. அப்படி ஓடிய மனதை அழைத்து வந்து, இந்த ஒரு வசனத்தில் உட்கார வைக்க முடிந்தால் போதும். அதுவே வாசிப்பு. அதுவே தியானம்.

இதற்கேற்ற ஒரு சின்னப் பாதை வேதாகமத்துக்குள்ளேயே இருக்கிறது. சங்கீதம் 120 முதல் 134 வரை உள்ள 15 சங்கீதங்களுக்கும் ஆரோகண சங்கீதம் என்ற தலைப்பு உண்டு. எருசலேமுக்கு மேடேறிப் போன யாத்திரிகர்கள் வழியில் பாடியவை இவை என்று பலரும் கருதுகிறார்கள். நடந்துகொண்டே பாடியதாலோ என்னவோ, எல்லாம் சிறியவை. 132-ஆம் சங்கீதத்துக்கு மட்டும் 18 வசனங்கள்; மற்ற எதுவும் ஒன்பது வசனங்களைத் தாண்டுவதில்லை. பதினைந்தையும் சேர்த்தால் 101 வசனங்கள். வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய இரண்டு வருடம். நீண்ட காலம்தான். ஆனால் யாத்திரை போகிறவர்களுக்கு வழியும் வழிபாடுதானே.

எட்டே வசனங்கள் கொண்ட 121-ஐ எடுத்துக்கொள்வோம். ஞாயிறு மாலை, தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்புறத்தில் முதல் வசனத்தைப் பெரிய எழுத்தில் எழுதலாம். கண்ணாடி போடாமலே தெரிகிற அளவுக்கு, ஸ்கெட்ச் பேனாவால். அதை பீரோவின் கண்ணாடியில் ஒட்டலாம். தலை வாரும்போது கண் தானாக அங்கே போகும். முதல் இரண்டு நாளும் மனப்பாடம் செய்ய முயல வேண்டாம். வாய்விட்டு வாசித்தால் போதும். நம் குரலை நம் காது கேட்கட்டும். செவ்வாய் தாண்டியதும் தாளைப் பார்க்காமல் பாதியைச் சொல்லிப் பார்க்கலாம். வியாழனன்று இன்னொரு தாளில், ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தை மட்டும் வரிசையாக எழுதி, அதைப் பார்த்துக்கொண்டே முழுவதையும் சொல்லிப் பார்க்கலாம். தடுக்கிற இடத்தில் வேதாகமத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். பார்ப்பதில் வெட்கம் என்ன இருக்கிறது?

அடுத்த வாரம் இரண்டாம் வசனம், முதலாவதையும் சேர்த்து. அதற்கடுத்த வாரம் மூன்றாவது, முந்தைய இரண்டையும் சேர்த்து. அந்தச் சங்கீதம் முதியவர்களின் நினைவுக்கென்றே கட்டப்பட்டதுபோல் தோன்றும். காப்பவர் ஒருவர் உண்டு என்ற ஒரே செய்தி, எட்டு வசனங்களுக்குள் மூல மொழியில் ஆறு முறை திரும்பி வருகிறது. சொன்னதையே சொல்வது அலுப்பு என்று நாம் நினைத்திருந்தோம். சொன்னதையே சொல்லித்தான் மனம் அமைதியாகிறது என்பதை அந்தச் சங்கீதம் நமக்கு மெல்லக் கற்றுத்தருகிறது.

மறந்துபோகும். நிச்சயம் மறந்துபோகும். ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறோம் என்று அளந்து, 1885-இல் நூலாக வெளியிட்டார். படித்ததில் பெரும்பகுதி விரைவிலேயே நழுவிவிடுகிறது என்று கண்டார். கூடவே இன்னொன்றையும் கண்டார். மறந்ததை மீண்டும் படிக்கும்போது முதல்முறை ஆன நேரம் ஆவதில்லை. அடியோடு போய்விட்டது என்று நாம் நினைப்பதிலும் ஏதோ ஒரு தடம் உள்ளே தங்கியிருக்கிறது. ஆகவே மறதியைக் கண்டு கலங்க வேண்டாம். மறந்தால் திரும்பப் போகலாம். திரும்பத் திரும்பப் போவதற்குப் பெயர்தான் பழக்கம்.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தில் துறவியர் மடங்களை நிறுவிய பக்கோமியுஸ், அவற்றுக்கு ஒரு விதி வைத்தார். எழுத்தறியாமல் வருகிறவருக்கும் வாசிக்கக் கற்றுத்தர வேண்டும். ஒவ்வொருவரும் குறைந்தது புதிய ஏற்பாட்டையும் சங்கீதங்களையும் மனப்பாடமாக அறிய வேண்டும். கேட்கவே மலைப்பாக இருக்கிறது. ஆனால் அவர்கள் அதற்கென்று வாழ்க்கையை நிறுத்திவைக்கவில்லை. கை வேலை செய்ய, வாய் வேத வசனத்தை மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நமக்கும் கை வேலைகள் இருக்கின்றன. கீரை ஆய்கிறோம், துணி மடிக்கிறோம், பேருந்துக்குக் காத்திருக்கிறோம், மருத்துவமனையில் டோக்கன் எண்ணைக் கூப்பிடும்வரை உட்கார்ந்திருக்கிறோம். அந்த நேரமெல்லாம் வசனத்துக்குரிய நேரம்தான்.

அன்றாட வாசிப்புக்கும் இதே நிதானம் போதும். காலைக் காபிக்குப் பிறகு ஒரு சங்கீதம். இரவுச் சாப்பாட்டுக்கு முன் சுவிசேஷத்தில் ஒரு சிறு பகுதி. ஏற்கெனவே உள்ள ஒரு பழக்கத்தை ஒட்டி வைத்தால் புதிய பழக்கம் நிலைக்கும். கண்புரை மறைத்தால் பெரிய எழுத்து வேதாகமம் இருக்கிறது. அதுவும் முடியாதபோது கைப்பேசியில் ஒலி வேதாகமம் இருக்கிறது. எல்லாவற்றையும்விட, வீட்டில் ஒரு பேரப்பிள்ளை இருந்தால் அது பெரிய பாக்கியம். “பாட்டி, நீங்க சொல்லுங்க, நான் புத்தகத்தைப் பார்த்துக்கிறேன்” என்று அது உட்காரும்போது, விட்டுப்போன சொல்லைப் பிள்ளை எடுத்துக்கொடுக்கும். பாட்டிக்குச் சொல்லிக்கொடுத்ததில் பிள்ளைக்கும் வசனம் பாடமாகிவிடும்.

இந்தப் பதினைந்து சங்கீதங்களில் 131-ஆவது மிகச் சிறியவற்றுள் ஒன்று. தாவீதின் பெயரைத் தாங்கிய அதில் ஒரு குழந்தை வருகிறது. தாயின் அருகில் இருக்கும், பால் மறந்த குழந்தை அது. பால் குடிக்கும் குழந்தை தாயின் மடிக்கு வந்ததும் எதையோ தேடும்; கிடைக்காவிட்டால் அழும். பால் மறந்த குழந்தை எதையும் கேட்டு வரவில்லை. தாய் இருக்கிறாள், அது போதும். தனக்கு மிஞ்சிய பெரிய காரியங்களை நாடாமல், தன் ஆத்துமாவை அப்படி அமரப்பண்ணியதாக அந்தச் சங்கீதம் பேசுகிறது.

வேதத்திடம் நாமும் எத்தனை ஆண்டுகள் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறோம். பிள்ளையின் வேலைக்கு ஒரு வசனம், மகளின் கல்யாணத்துக்கு ஒரு வாக்குத்தத்தம், ஆபரேஷன் நல்லபடியாக முடிய ஓர் உறுதி. கேட்டது தவறில்லை, பசித்த குழந்தை கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு வசனத்தோடு ஏழு நாள் சும்மா இருக்கும்போது, கேட்பது மெல்ல ஓய்கிறது. அதில் நமக்கு என்ன இருக்கிறது என்று தேடாமல், அதன் அருகில் இருக்க மனம் பழகுகிறது. நினைவு நிதானமானவர்களுக்கு இது எளிது. மூன்று நிமிடத்தில் மனப்பாடம் செய்கிறவர் மூன்று நிமிடம்தான் அந்த வசனத்தோடு இருக்கிறார். நமக்கோ வாரம் முழுக்க வேண்டியிருக்கிறது. வாரம் முழுக்க நாம் அதன் அருகில் இருக்கிறோம்.

இரவில் விழிப்பு வந்துவிடும் வயது இது. விளக்கைப் போட்டால் மற்றவர்களுக்குத் தொந்தரவு. புத்தகத்தை எடுக்க முடியாது. மனப்பாடமான வசனத்துக்கு விளக்கு தேவையில்லை. விடியலுக்குக் காத்திருக்கும் காவல்காரரைப் பற்றி 130-ஆம் சங்கீதம் பேசுகிறது. இரவில் ஆலயத்தில் நிற்கும் ஊழியக்காரரை அழைத்துத் தொடங்குகிறது 134-ஆவது. தூக்கம் வராத நேரத்தில், நினைவுக்கு வந்தவரையில் சொல்லிக்கொண்டு கிடக்கலாம். தூக்கம் வந்தால் நல்லது. வராவிட்டாலும் அந்த நேரம் வீணில்லை.

தொடங்குவதற்குப் புத்தாண்டு வர வேண்டியதில்லை. 131-ஆம் சங்கீதத்துக்கு மூன்றே வசனங்கள். மூன்று வாரம் போதும், ஐந்து ஆனாலும் சரிதான். முதல் வசனத்தை இன்றைக்கு ஒருமுறை வாய்விட்டு வாசிப்போம். நாளைக்கும் அதே வசனம்தான்.