செல்லுக்குள் குயவன் உண்டா?

மண்ணில் இல்லாத குடம் சக்கரத்தில் வருமா? வராது என்கிறது சைவ சித்தாந்தம். குடம் மண்ணுக்குள் சூக்குமமாக ஏற்கெனவே இருக்கிறது. மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். நியாய நூலார் ஒப்பமாட்டார்கள். குடம் புதிதாகவே பிறந்தது என்பார்கள். குருபரப்பள்ளியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியனான நான், இந்த வழக்கில் சாட்சிக்கு அழைப்பது இன்டர்ஃபெரானை.

1957-இல் லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மானும் கண்டறிந்த புரதம் அது. வைரஸ் தொற்றிய செல் அதை வெளியே விடும். பக்கத்துச் செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியை அது தொட்டால் போதும். உட்புறம் ஏற்பியோடு ஒட்டியிருக்கும் ஜாக் நொதிகள் முடுக்கம் பெற்று, ஸ்டாட்-1, ஸ்டாட்-2 புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. அவ்விரண்டும் இணைந்து, ஐஆர்எஃப்-9 என்ற புரதத்தையும் சேர்த்துக்கொண்டு உட்கருவுக்குள் போய் டிஎன்ஏவில் அமர்கின்றன. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் வேலையைத் தொடங்குகின்றன. அவற்றால் பெருகும் பிகேஆர் என்ற நொதி, செல்லின் புரத உற்பத்தியை நிறுத்துகிறது. ஓஏஎஸ் என்ற நொதி, வைரஸின் ஆர்என்ஏ துண்டாக வழிசெய்கிறது.

இந்த மரபணுக்களில் ஒன்றைக்கூட இன்டர்ஃபெரான் கொண்டுவரவில்லை. எல்லாம் கருவிலிருந்தே இருந்தவை. சித்தாந்தி வென்றார் எனலாம். நியாயவாதியோ, மூன்று புரதங்களின் அந்தக் கூட்டு முன்பு இல்லையே என்று கேட்பார். அதுவும் சரியான கேள்விதான்.

என் உடம்பு இதில் இன்னொரு சிக்கலைச் சேர்த்தது. ருமட்டாய்டு மூட்டுவாதத்துக்கு நான் சாப்பிடும் டோஃபாசிடினிப், ஜாக் நொதிகளை அடக்கும் மாத்திரை. விரல் வீக்கம் வடிந்தது. விலாவில் அக்கி வந்தது. இந்த மாத்திரையில் அந்த ஆபத்து கூடும் என்பது தெரிந்ததே. சிப்காட்டுக்கு ஷிஃப்ட் கிளம்பிய பக்கத்து வீட்டுப் பெண், "சார், மொதல்ல போய் அக்கி எழுதிட்டு வாங்க" என்றாள். எங்கள் பக்கம் குடம் வனையும் கைதான் அக்கியும் எழுதும். குயவர் காவியால் எழுதினார். அக்கிக்கு டாக்டர் தந்த மாத்திரையையும் விடாமல் சாப்பிட்டேன்.

சிறுவயதில் சின்னம்மை தந்த வைரஸ்தான் நரம்பில் உறங்கிக் கிடந்து அக்கியாக எழுகிறது. அப்படியானால் காப்பும் உள்ளேயே இருந்தது, நோயும் உள்ளேயே இருந்தது. உள்ளே இருப்பதெல்லாம் மேன்மை என்று சித்தாந்தமும் சொல்லவில்லை. ஆணவ மலமும் உயிரோடு அநாதியாகவே இருக்கிறது என்கிறது. இன்டர்ஃபெரான் எழுப்பும் மரபணுக்களில், அந்தச் சமிக்ஞையையே அடக்கும் சாக்ஸ் புரதங்களுக்கானவையும் உண்டு. அடங்காவிட்டால் காப்பே உடம்பைத் தின்னும். இறைவனின் ஐந்தொழிலில் மறைத்தலையும் ஏன் அருளென்றார்கள் என்பது எனக்கு இங்கேதான் புரிந்தது.

ஆனால் நிமித்த காரணம்? சடம் தானே இயங்காது, அறிவுள்ள ஒருவன் வேண்டும் என்பது சித்தாந்தியின் வாதம். ஜாக்குக்கு அறிவில்லை, வடிவமும் மின்னேற்றமும் பொருந்தினால் வினை நடக்கிறது. அந்தப் பொருத்தம் வந்த வழியைப் பரிணாமம் விளக்கிவிடுகிறது. ஆகவே செல்லைக் காட்டிச் சிவனை நிரூபிக்க வருபவரோடும், இதே செல்லைக் காட்டிச் சிவன் இல்லை என்பவரோடும் நான் சேரமாட்டேன். நான் தினமும் கும்பிடுகிறேன். அதற்குச் சாட்சி சொல்லும்படி ஒரு புரதத்தை வற்புறுத்துவது எனக்கு முறையாகப் படவில்லை.