கொடுத்ததைத் திரும்பக் கேட்கலாமா?

அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் இசைக்குழு தன் கச்சேரிகளை ரசிகர்கள் ஒலிப்பதிவு செய்ய இடமளித்தது. 1984இல் அரங்கில் அவர்களுக்கென இடமும் ஒதுக்கியது. பிரதியெடுக்கலாம், பரிமாறலாம், காசு மட்டும் வாங்கக் கூடாது.

குழு கலைந்து பத்தாண்டின் பின், 2005 நவம்பரில், இன்டர்நெட் ஆர்க்கைவில் இருந்த பதிவுகளை இறக்கிக்கொள்வது உரிமையாளரின் வேண்டுதலால் நிறுத்தப்பட்டது. ரசிகர் கொதித்தெழவே, அவர்கள் தாமே எடுத்தவை மீண்டும் திறக்கப்பட்டன. மேடையின் ஒலிக்கட்டுப்பாட்டுக் கருவியிலிருந்து எடுத்தவை கேட்பதற்கு மட்டுமாயின.

அன்பளிப்பை மீளப் பெறுவதை நபிமொழி வன்மையாகக் கண்டிக்கிறது. ஆயினும் நமது பிக்ஹு 'ஹிபா'வையும் 'இபாஹா'வையும் வேறுபடுத்துகிறது. முன்னது உடைமையாக்குவது, பின்னது அனுமதி மட்டுமே. தன் மாமரத்தில் அயலவரைப் பறிக்கவிட்டவன் நாளை மறுக்கலாம். பறித்துச் சென்ற காயைத் திரும்பக் கேட்க முடியாது. இவர்களும் இனி வருவோருக்கு மறுத்தார்களே தவிர, பெற்றவரிடமிருந்து பறிக்கவில்லை.

எனினும் என் மனம் அத்துடன் அமைதியடையவில்லை. அந்த அனுமதியை நம்பி இருபதாண்டு ரசிகர் தம் காசையும் இரவுகளையும் செலவிட்டே அக்களஞ்சியத்தை வளர்த்தனர். பிறருழைப்புக் கலந்துவிட்ட அனுமதி அமானிதமாகிவிடுகிறது. அதை நிறுத்த விரும்புபவர், கதவைச் சாத்துமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பதே நீதி என்பேன்.