ஆறின கல்லில் தட்டும் ரொட்டி

மார்கழிப் பனி இறங்கிவிட்டால் பெங்களூரில் எந்தக் காய்கறிச் சந்தைக்குப் போனாலும் அவரெகாய்தான் குவிந்து கிடக்கும். நம் பச்சை மொச்சைதான் அது. மாகடிப் பக்கத்திலிருந்து மூட்டை மூட்டையாக வருகிறது. பனி குடிக்கக் குடிக்கத்தான் தோலில் பிசுபிசுப்பும் மணமும் ஏறும் என்பார்கள். அந்த மணத்துக்கு இங்கே ‘சொகடு’ என்று பெயர். ஒரு காயை எடுத்து மோந்து பார்த்துவிட்டுத்தான் பேரம் ஆரம்பமாகும். சஜ்ஜன் ராவ் சர்க்கிளில் இதற்கென்றே பல வருஷம் மேளா நடந்தது. அவரெ போட்ட தோசையிலிருந்து ஜிலேபி வரைக்கும் அங்கே கிடைக்கும். ஜிலேபியை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

காயை உரித்து, கொட்டையை ராத்திரி ஊறப் போட்டு, காலையில் ஒவ்வொன்றாகப் பிதுக்கவேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு அழுத்து. தோல் கையில் நிற்கும், பருப்பு துள்ளி ஓடும். ஊறல் போதாவிட்டால் நசுங்கிப்போகும். தேங்காய், கொத்தமல்லி, பூண்டு, பட்டை, கிராம்பு அரைத்து ஊற்றி வைக்கும் அந்தச் சாறுக்காக இங்கே வருஷம் பூராவும் காத்திருக்கிறவர்கள் உண்டு. ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர்ப் பக்கம் இதே சமாசாரம் பிதுக்குப் பருப்புக் குழம்பு. தனி ஆளாக உட்கார்ந்தால் இடுப்பு விட்டுப்போகும் வேலை. பத்து வயதுக்குள் இருக்கும் ஒரு பிள்ளைக்கோ இதைவிட நல்ல வேலை கிடையாது. பருப்பு பாத்திரத்தில் விழுகிறதா, தம்பியின் முகத்தில் விழுகிறதா என்பதில்தான் சுவாரசியமே.

பிள்ளைகளைச் சமையலறைக்குள் விடுவது என்றால் நமக்கு இன்று ஒரு ஆக்டிவிட்டி என்ற நினைப்பு வந்துவிட்டது. சனிக்கிழமை, ஏப்ரன், நாலு போட்டோ, குக்கீஸ். பள்ளிக்கூடங்களில் அடுப்பில்லாச் சமையல் போட்டி வைக்கிறார்கள்; ரொட்டித் துண்டுக்கு நடுவே வெள்ளரிக்காய் வைத்துப் பரிசு வாங்கி வருகின்றன பிள்ளைகள். தப்பொன்றும் இல்லை. ஆனால் அந்த சாண்ட்விச் இல்லாவிட்டாலும் வீட்டில் யாரும் பட்டினி கிடக்கப்போவதில்லை என்பது பிள்ளைக்கும் தெரியும். பிதுக்குகிற வேலை அப்படியல்ல. ஒன்பது மணிக்குள் பருப்பு ஆகாவிட்டால் மத்தியானம் சாறு கிடையாது. தன் கையை வீடு நம்பியிருக்கிறது என்று பிள்ளை உணர்வது இந்த மாதிரி வேலையில்தான். பழைய ஊர்ச் சமையல் பூராவும் இப்படிப் பல கைகளை எதிர்பார்த்தே வளர்ந்திருக்கிறது. கீரை ஆய்வது, துவரை உரிப்பது, புளி கரைப்பது எல்லாமே சின்னக் கை செய்யலாம். ஒரே ஆள் நின்றபடி இருபது நிமிஷத்தில் முடிக்கிற சமையலாக அதை மாற்றியபோது முதலில் வெளியே போனது பிள்ளைகள்தான்.

நெருப்புக்குப் பயப்படுகிறவர்களுக்கு அக்கி ரொட்டி இருக்கிறது. அரிசி மாவில் வெங்காயம், பச்சைமிளகாய், சப்சிகெ என்கிற சதகுப்பைக் கீரை பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டுப் பிசைந்து, உருண்டையை ஆறின கல்லில் வைத்து விரலாலேயே தட்டிப் பரப்பவேண்டும். நடுவில் நாலைந்து ஓட்டை. எண்ணெய் அதற்குள் இறங்கும். அதன்பிறகுதான் கல் அடுப்புக்குப் போகிறது. அடுத்த ரொட்டிக்குக் கல் மறுபடி ஆறவேண்டும், அதனால் இரண்டு கல் இல்லாத வீட்டில் இது நடக்காது. ஒன்று வேகும்போது இன்னொன்றில் பிள்ளை தட்டிக்கொண்டிருக்கும். கர்நாடக தேசப்படம் மாதிரி ஒரு பக்கம் நீண்டு வரும், வரட்டும். தடிமனான இடம் வேகாது, மெல்லிசான இடம் கருகும். ஏன் சமமாகத் தட்டவேண்டும் என்று நான் சொல்லித் தரவே இல்லை. வேகாத மாவு வாயில் பட்டதுமே அது புரிந்துவிட்டது.

எங்கள் வீட்டில் வேறொரு கேள்வியும் உண்டு. எந்த ஊர்ச் சமையலைச் சொல்லிக் கொடுப்பது? என் மாமியார் தஞ்சாவூர்க்காரர். கேழ்வரகுக் களி கிண்டினால், “இதெல்லாம் நம்மாத்துல வழக்கமில்லையேம்மா” என்பார். காவேரி பாய்ந்த ஊரில் அரிசி மரியாதை, களி கூலிக்காரர் சாப்பாடு. அந்தக் கணக்கு இன்னும் அழியவில்லை. மத்து மாதிரி கோலைப் பிடித்துக் கிளறும்போது என் பிள்ளைகளுக்கு நான் கனகதாசர் கதையைச் சொல்வேன். பதினாறாம் நூற்றாண்டில் அவர் எழுதிய ‘ராமதான்ய சரிதெ’யில் நெல்லுக்கும் ராகிக்கும் யார் உசத்தி என்று சண்டை. ராமர் இரண்டையும் ஆறு மாசம் சிறையில் போட்டுவிடுகிறார். திறந்து பார்த்தால் நெல் வாடிக் கிடக்கிறது, ராகி குத்துக்கல்லாட்டம் இருக்கிறது. ஜெயித்தது ராகி. கதைக்குள் தானியம் மட்டும் இல்லை, மனுஷர்களும் இருக்கிறார்கள் என்பது பெரிய பிள்ளைக்குப் புரிய ஆரம்பித்திருக்கிறது. பாட்டி பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பாட்டியும் பார்த்தார்.

வத்தக்குழம்பும் எங்கள் வீட்டில் இருக்கிறது, இருக்கும். ஆனால் இந்தச் செம்மண்ணில் பிறந்த பிள்ளைக்கு ஊர் என்பது இதுதான். பரம்பரை என்று நாம் கும்பிடுவதும் ஒருநாள் நெருக்கடியில் பிறந்ததாக இருக்கும். லால்பாக் ரோட்டு மாவள்ளி டிபன் ரூம் ரவை இட்லியை இரண்டாம் உலகப் போர்க்கால அரிசித் தட்டுப்பாட்டில் கண்டுபிடித்ததாகச் சொல்கிறார்கள். இப்போது அதுவும் பெங்களூரின் பழைய பலகாரம்.

ஒரு விஷயத்தில் மட்டும் பழைய வழக்கம் எனக்கு வேண்டாம். என் பாட்டி வீட்டிலும் பிள்ளைகள் சமையலில் வேலை செய்தார்கள். பெண் பிள்ளைகள் மட்டும். பையன்கள் தெருவில் விளையாடிவிட்டு, “பசிக்குது” என்று வந்து உட்காருவார்கள். அந்தக் காலத்துச் சமையலறையை நினைத்து உருகுகிறவர்கள் இதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் பிதுக்குவதில் வேகம் பையனுக்குத்தான். களி உருட்டும்போது கையை நனைக்காமல் சுட்டுக்கொள்பவனும் அவனே.

தினமும் இது நடக்காது. நடக்கிறது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். தோசை மாவைப் பாக்கெட்டில் விற்பதைப் பெரிய தொழிலாக்கிய ஊர் இது. அவுட்டர் ரிங் ரோட்டில் மாட்டிக்கொண்டு எட்டு மணிக்கு வீடு வந்து சேரும் நாளில் அந்தப் பாக்கெட்தான் எங்களுக்குத் தெய்வம். பிதுக்கிய பருப்பும் சந்தையில் தயாராகவே கிடைக்கிறது, விலைதான் கூட. போன சீசனில் அதைப் பார்த்துவிட்டுப் பையன், “அம்மா, நாம பிதுக்கினதை இங்க வித்தா எவ்வளவு தருவாங்க?” என்று கேட்டான். கடைக்கார அம்மா கன்னடத்தில் ஒரு விலை சொன்னார். அவன் அதை ஞாபகம் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் என்னிடம் கூலி கேட்டான். கொடுக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவி வைக்கச் சொன்னேன்.