எலும்பா, மரமா?

விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையிலே கிடக்கும் கல்மரங்களை அசுரனின் எலும்புகள் என்கிறது பாட்டிமார் கூறும் புராணக் கதை. அவை, ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணிலே புதையுண்ட மரங்கள். நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளிலே படிந்தது. மரம் மறைந்தது, நார்வரி மட்டும் மாறாமல் கல்லிலே நின்றது!

வகுப்பிலே இதனைக் கூறினோம். "நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், ஐயா!" என்றான் ஒரு மாணவன். மகிழ்ந்தோமா? இல்லை தோழர்களே, வெட்கினோம்! பாட்டியை நம்பியவன் இன்று நம்மை நம்புகிறான். ஆள் மாறிற்று, அறிவு பிறந்ததா?

பள்ளிப் பேழையிலிருந்த கல்மரச் சில்லொன்றைக் கையிலே கொடுத்தோம். அது கண்ணாடித் துண்டைக் கீறிற்று; கோழியெலும்பு கீறவில்லை. உருப்பெருக்கியிலே நார்வரியையும் கண்டான்.

"அப்படியானால் பாட்டி சொன்னது பொய்யா, ஐயா?"

"பொய்யன்று, தம்பி, சோதியாமல் சொன்னது. காலையிலே நாம் சொன்னதை நீ ஏற்றதும் அவ்வாறே."