நாள் குறித்து வரும் அன்பு

திருச்சி நகரம் உறங்கும் நேரத்தில் காந்தி மார்க்கெட் விழித்திருக்கிறது. வெளியூர் லாரிகள் இரவில்தான் வந்து நிற்கின்றன. வெங்காய மூட்டையும் தக்காளிப் பெட்டியும் வாழைத்தாரும் இறங்குகின்றன. மொத்த வியாபாரம் பெரும்பாலும் விடிவதற்குள் முடிந்து, அதன் பிறகு சில்லறைக் கடைகள் கூவத் தொடங்குகின்றன. ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்துத் தெருவில் குடும்பங்கள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு பூசைக்குப் புறப்படும்போது, இரவெல்லாம் மூட்டை சுமந்த தொழிலாளி தலைத்துண்டை உதறிவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறார். கீரைக்கட்டு விற்கும் அம்மாவுக்கோ அது நல்ல வியாபார நேரம். கடையை விட்டு எழுந்தால் அன்றைய வருமானம் போச்சு.

இவர்களுக்கு ஆண்டவரின் நாள் எது?

திருச்சபை இந்தக் கேள்விக்கு விடை வைத்திருக்கிறது. ஞாயிறு திருப்பலிக் கடமையை அதற்கு முந்தின நாள் மாலைத் திருப்பலியிலும் நிறைவேற்றலாம் என்று 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. சனிக்கிழமை மாலைப் பூசையை வசதிக்காக வைத்தது என்று நினைப்பவர்கள் உண்டு. சந்தையில் உழைப்பவரின் பக்கம் நின்று பார்த்தால் அதன் அருமை புரியும். உழைப்பவனின் கடிகாரத்தைக் கோயில் மதிக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் வேண்டியதில்லை.

ஒரு பங்கின் உயிர் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மட்டும் இல்லை. ஞாயிறு எதை ஏவிவிடுகிறதோ அது திங்கள் முதல் சனி வரை நடக்கிறதா என்பதில்தான் இருக்கிறது. கிறிஸ்மஸுக்கு வேட்டி சேலை கொடுக்கிறோம், திருவிழாவுக்கு அன்னதானம் போடுகிறோம், தேர் இழுக்கிறோம். எல்லாம் நல்லவை. ஆனால் பசியும் நோயும் தனிமையும் திருவிழா பார்த்து வருவதில்லை. அவை வாரா வாரம் வருகின்றன. அன்பும் வாரா வாரம் வர வேண்டும். அதற்கு ஒரு கிழமை குறித்திருக்க வேண்டும்.

மார்க்கெட்டில் தண்டல்காரரைத் தெரியாதவர் யார்? குறித்த நாளில், குறித்த நேரத்தில் கையில் நோட்டோடு அவர் வந்து நிற்பார். மழை பெய்தாலும் வருவார், வீட்டில் துக்கம் நடந்தாலும் வருவார். வட்டி இத்தனை ஒழுங்காக ஒரு ஏழையின் வாசலுக்கு வரும்போது இரக்கம் மட்டும் மனம் வந்தபோது வந்தால் போதுமா?

புனித பவுல் இதை அறிந்திருந்தார். கொரிந்து இரண்டு துறைமுகங்களுக்கு நடுவே இருந்த வணிக நகரம். அங்கிருந்த சபைக்கு எழுதிய முதல் கடிதத்தின் 16-ஆம் அதிகாரத்தில், எருசலேமின் ஏழைகளுக்காக ஒவ்வொருவரும் வாரத்தின் முதல் நாளில் தம் வருவாய்க்கு ஏற்ப ஒரு பகுதியை எடுத்து வைக்கும்படி சொல்கிறார். தாம் வந்த பிறகு அவசர அவசரமாக வசூல் நடக்கக்கூடாது என்பது அவர் எண்ணம். வியாபாரிகளுக்கு வியாபாரிகளின் முறையிலேயே பேசுகிறார்! இதே பகுதிக்கு 4-ஆம் நூற்றாண்டில் மறையுரை ஆற்றிய புனித யோவான் கிறிசோஸ்தோம், வீட்டில் செபிக்கும் இடத்துக்கு அருகிலேயே ஏழைகளுக்கான பெட்டி ஒன்றை வைக்கச் சொன்னார். செபிக்கப் போகும்போது முதலில் அதில் போடு, பிறகு கை கூப்பு என்பது அவர் அறிவுரையின் சாரம்.

நம் வீடுகளுக்கு இது புதிதல்ல. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்த பாட்டிமார்கள் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் இருந்தார்கள், இந்துக் குடும்பங்களிலும் இருந்தார்கள். காஞ்சிப் பெரியவர் பிடியரிசித் திட்டத்தை வலியுறுத்தியதைப் பலர் அறிவார்கள். ஒரு பிடி பெரிய தொகை ஆகாது. ஆனால் தவறாமல் எடுத்தால் வாரக் கடைசியில் ஒரு வீட்டுக்கு உலை கொதிக்கும்.

கி.பி. 155 வாக்கில் புனித ஜஸ்டின் உரோமைப் பேரரசருக்கு எழுதிய விளக்கத்தில் கிறிஸ்தவர்களின் ஞாயிறு எப்படி இருந்தது என்று சொல்லியிருக்கிறார். நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஓரிடத்தில் கூடுவார்கள். இறைவாக்கு வாசிக்கப்படும், தலைவர் உரை நிகழ்த்துவார், அப்பமும் இரசமும் பகிரப்படும். வர முடியாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் நற்கருணையை வீட்டுக்கே கொண்டுபோவார்கள். வசதியுள்ளவர்கள் கொடுப்பது அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்கும் போகும். ஏறத்தாழ 1,870 ஆண்டுகளுக்கு முந்தைய இந்த வருணனையைத் தமிழ்நாட்டின் எந்தப் பங்கிலும் இன்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதல் வெள்ளிக்கிழமை படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு நன்மை கொண்டுபோகும் பழக்கம் அந்தத் திருத்தொண்டர்களின் காலடித் தடத்தில்தான் நடக்கிறது.

காந்தி மார்க்கெட்டிலிருந்து பாலக்கரைக்கு நடந்தே போய்விடலாம். அங்கே இருப்பது உலக மீட்பர் பசிலிக்கா. 2006-இல் பசிலிக்கா என்ற தகுதி பெற்ற அந்த ஆலயத்தை ஊர்மக்கள் சகாய மாதா கோயில் என்றே அழைக்கிறார்கள். புதன்கிழமை சகாய மாதாவின் நாள். நவநாள் செபத்துக்கு வருகிறவர்களின் கையில் இருக்கும் பூ, காந்தி மார்க்கெட் பூக்கடையில் வாங்கியதாக இருக்கலாம். அந்தக் கடைகளின் மல்லிகையும் செவ்வந்தியும் ஒரு மதத்தின் வாசலுக்கு மட்டும் போவதில்லை. பூக்கட்டுகிற கைகள் அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. சகாய மாதாவின் முன் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களிலும் எல்லாச் சமயத்தாரும் உண்டு.

சகாய மாதா படத்தின் கதையும் ஒரு வணிகரிடமிருந்தே தொடங்குகிறது. கிரேத்தா தீவிலிருந்து ஒரு வணிகர் அதை உரோமைக்குக் கொண்டுவந்தார் என்பது மரபு. சாகும் தறுவாயில், இதை ஏதாவது ஒரு கோயிலில் வைத்துவிடு என்று நண்பரிடம் கேட்டுக்கொண்டாராம். 1499-இல் அது உரோமையின் புனித மத்தேயு ஆலயத்தில் வைக்கப்பட்டது. 1798-இல் பிரெஞ்சுப் படைகளின் காலத்தில் அந்த ஆலயம் இடிந்தது. பல்லாண்டுகள் மறைந்திருந்த படத்தை 1866-இல் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் ரெடம்ப்டரிஸ்ட் சபையிடம் ஒப்படைத்தார். படத்தை உற்றுப் பாருங்கள். சிலுவையையும் ஈட்டியையும் ஏந்திய வானதூதர்களைக் கண்டு அஞ்சிய குழந்தை இயேசு, தாயின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டிருக்கிறார். ஓடிவந்த வேகத்தில் ஒரு கால் செருப்பு வார் அவிழ்ந்து தொங்குகிறது. மகளின் பிரசவம், மகனின் குடிப்பழக்கம், அடகில் போன நகை என்று ஒவ்வொரு பாரத்தோடு புதன்கிழமை வந்து நிற்கிற தாய்மாருக்கு அந்தத் தொங்கும் செருப்பின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மும்பை மாஹிம் புனித மிக்கேல் ஆலயத்தில் புதன் நவநாள் தொடங்கியது 1948 செப்டம்பர் 8-ஆம் தேதி. மணிலாவின் பக்லாரான் ஆலயத்திலும் அதே 1948-இல்தான் தொடங்கியது. இரண்டு நகரங்களிலும் இன்றுவரை புதன்கிழமைகளில் பெருங்கூட்டம் கூடுகிறது. வேலைக்குப் போகிற மக்கள் வாரத்தின் நடுவில் மூச்சு விடுவதற்கு ஒரு நாளைக் கேட்டார்கள். அந்த நாள் கிடைத்தது.

செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு உரியது. 1231 ஜூன் 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமை இறந்த பதுவை நகர் அந்தோணியார் அடுத்த செவ்வாயன்று அடக்கம் செய்யப்பட்டார். அந்த நாளே அவர் நாளாயிற்று. அவர் பெயரால் ஏழைகளுக்கு ரொட்டி கொடுக்கும் வழக்கம் ஐரோப்பாவில் இருந்தது; நம் ஊரில் அது செவ்வாய்க்கிழமைச் சோறாக மாறியிருக்கிறது. வியாழனன்று நற்கருணை ஆராதனை, வெள்ளியன்று இருதய ஆண்டவர், தவக்காலமானால் சிலுவைப்பாதை, சனியன்று மாதா. அண்டை வீட்டார் கூடும் அன்பியக் கூட்டம் ஒரு வாரம் ஒரு வீட்டில், அடுத்த முறை இன்னொரு வீட்டில் நடக்கும். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி. பங்கின் அறிவிப்புப் பலகையில் நாம் தினமும் பார்க்கிற வரிகள் இவை.

பலகையில் எழுதப்படாத வேலை ஒன்று இருக்கிறது: வீடு சந்திப்பு. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

1833 ஏப்ரல் 23. பாரிஸ் நகரில் பிரடெரிக் ஓசானாம் என்ற மாணவருக்கு அன்று இருபது வயது நிறைந்தது. உங்கள் மதம் ஏழைகளுக்கு இன்று என்ன செய்கிறது என்று சிலர் கேட்ட கேள்வி அவரைத் தைத்திருந்தது. நண்பர்கள் சிலரோடு கூடி ஒரு குழுவைத் தொடங்கினார். சகோதரி ரோசலி ரெண்டு அவர்களை ஏழைகளின் தெருக்களுக்கு வழிகாட்டினார். வாரம் ஒருமுறை கூடுவது, வாரந்தோறும் ஏழைக் குடும்பங்களை அவர்கள் வீட்டிலேயே சென்று பார்ப்பது. இதுவே வின்சென்ட் தே பவுல் சபையின் உயிர்நாடி. கூட்டத்தின் முடிவில் இரகசியப் பை சுற்றி வரும். யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது. பத்து ரூபாய் போட்டவருக்கும் ஆயிரம் போட்டவருக்கும் ஒரே மரியாதை. ஓசானாமுக்கு 1997-இல் இரண்டாம் யோவான் பவுல் அருளாளர் பட்டம் அளித்தார்.

டப்ளின் நகரில் பிராங்க் டஃப் 1921 செப்டம்பர் 7-ஆம் தேதி தொடங்கியது மரியாயின் சேனை. அவர் அரசு ஊழியர், வின்சென்ட் தே பவுல் சபையின் உறுப்பினரும்கூட. சேனையின் முதல் வேலையே ஓர் ஏழை மருத்துவமனையில் இருந்த பெண்களைப் போய்ப் பார்ப்பது. இன்றும் பிரசீடியம் என்னும் சேனைக் கிளையின் கூட்டத்தில் செபமாலை சொல்லி முடித்ததும் ஒவ்வொருவரும் எழுந்து போன வாரம் யாரைப் பார்த்தேன், என்ன செய்தேன் என்று அறிக்கை தர வேண்டும். இருவர் இருவராகப் போக வேண்டும் என்பது விதி. ஒரு வாரம் வேலை செய்யாமல் கூட்டத்தில் எழுந்து நிற்பது எவ்வளவு சங்கடம் என்று சேனையில் இருந்தவர்களுக்குத் தெரியும். அந்தச் சங்கடம் நல்லது.

திருச்சி மண்ணில் இதற்கு இன்னும் பழைய வேர் உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் குருக்கள் மிகக் குறைவு. ஒரு கிராமத்துக்கு ஆண்டில் சில முறை குருவானவர் வந்தாலே பெரிது. மீதி வாரங்களைத் தாங்கியவர்கள் உபதேசியார்கள். செபம் சொல்லிக்கொடுத்தவர்களும் சாகிறவரின் தலைமாட்டில் உட்கார்ந்தவர்களும் அவர்கள்தான். ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் அவர்களுக்காகவே 'வேதியர் ஒழுக்கம்' என்ற நூலை எழுதினார். சதுரகராதியும் தேம்பாவணியும் தந்த பேரறிஞர், சம்பளமும் புகழும் இல்லாத அந்த மனிதர்களுக்காக நேரம் ஒதுக்கியிருக்கிறார்! நம் பங்குகள் நிற்பது பொதுநிலையினரின் தோளில் என்பதை அவர் அன்றே கண்டுகொண்டார்.

இத்தனை சபைகள் இருந்தும் நம்மிடையே வெட்கப்பட வேண்டிய ஒன்று இருக்கிறது. திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் மக்களின் கல்லறைகளைப் பிரித்து ஒரு சுவர் எழுந்ததும், அதை இடிக்கச் சொல்லிப் போராட்டங்கள் நடந்ததும் ஊரறிந்த செய்தி. ஒரே அப்பத்தை உண்டவர்களை மண்ணில் பிரித்த சுவர் அது. வாரந்தோறும் எல்லாத் தெருவுக்கும் நடந்து, எல்லா வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து, அங்கே கொடுத்த காப்பியைக் குடித்து எழுந்தவர்கள் அப்படி ஒரு சுவரைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். வீடு சந்திப்பு தர்மம் கொடுக்கிற வேலையாக மட்டும் சுருங்கிவிடக் கூடாது என்று சொல்வது இதனால்தான். போகிறவர் தாமும் மாறித் திரும்ப வேண்டும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஆலயக் கதவுகள் மூடப்பட்டன. காந்தி மார்க்கெட்டும் மூடப்பட்டு, வியாபாரம் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்குப் போயிற்று. திருப்பலியைக் கைப்பேசியில் பார்த்தோம். அது ஆறுதல்தான், ஆனாலும் கைப்பேசியால் ஒருவரின் வாசல் கதவைத் தட்ட முடியவில்லை. புதன்கிழமை கோயிலுக்கு வந்து நாலு பேரோடு பேசிவிட்டுப் போகும் தனிக்கட்டை முதியவர்களுக்கு அந்த மாதங்களில் கிழமைகளே இல்லாமல் போயின. மார்க்கெட் மீண்டும் திறந்தது, ஆலயமும் திறந்தது. வீட்டிலேயே இருந்து பழகிவிட்ட சிலர் மட்டும் இன்னும் திரும்பவில்லை. அவர்கள் வருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். நாம்தான் போக வேண்டும்.

ஆகவே அன்பர்களே, இந்த வாரம் ஒரு கிழமையைத் தேர்ந்துகொள்ளுங்கள். உங்கள் அன்பியத்திலோ தெருவிலோ மார்க்கெட்டிலோ வெளியே வர முடியாமல் இருக்கும் ஒருவரின் பெயரைக் காலண்டரில் அந்தக் கிழமைக்கு நேராக எழுதுங்கள். எந்தச் சமயத்தவராக இருந்தாலும் சரி. தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் இன்னொருவரை அழைத்துக்கொண்டு போங்கள். அரை மணி நேரம் உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேளுங்கள். எழுந்து வரும்போது அடுத்த வாரம் இதே நாளில் வருகிறேன் என்று சொல்லுங்கள். சொன்னபடி போங்கள்.