கழட்டிரவா சார்?

திரையில் எழுத்து வந்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. "கழட்டிரவா சார்?" என்று கேட்டாள். கேட்கும்போதே அவள் கை கேபிளின் மேல் இருந்தது. அந்தக் கைதான் என்னை உறங்கவிடாமல் செய்கிறது.

இது நடந்தது திருவண்ணாமலைப் பக்கத்தில். நான் சொல்லும் திருவண்ணாமலை, கார்த்திகை தீபம் ஏற்றுகிற ஊர் அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில், மலைமேல் சீனிவாசப் பெருமாள் கோயில் கொண்ட சிற்றூர். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ராஜபாளையம் வரைக்குமான ஜனம் அங்கே திரளும். அந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் விடுமுறை நாட்களில் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லித் தருகிறேன். அப்படிக் கேட்டவள் அங்கே ஒன்பதாம் வகுப்பு மாணவி. தண்ணீர்த் தொட்டியில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று காட்டும் கருவி ஒன்றைச் செய்தாள். ஆர்டுயினோ என்கிற சிறு கணினிப் பலகை ஒன்று, ஓர் எல்.சி.டி. திரை, கம்பிகளைக் குத்தி இணைக்கும் துளைப் பலகையான பிரெட்போர்டு ஒன்று. பின்னணி இவ்வளவுதான்.

கேபிளைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். திரை பெட்டியின் முகப்பில் இருக்க வேண்டும், பிரெட்போர்டு உள்ளே. இடையில் ஓடுவதற்குப் பழைய கம்ப்யூட்டரின் ஃபிளாப்பி டிரைவிலிருந்து கழற்றிய பட்டைக் கேபிள் கிடைத்தது. கடைக்காரர்கள் எஃப்.ஆர்.சி. என்பார்களே, அதுதான். 34 கம்பிகள், ஓரத்தில் முதல் கம்பிக்கு அடையாளமாகச் சிவப்புக் கோடு. அதன் முனையில் இருந்த கனெக்டரையே, நடுவில் பெர்க் ஸ்டிரிப் என்கிற ஊசி வரிசையை வைத்து, பிரெட்போர்டில் குத்திப் பார்த்தாள். திரை செத்துக் கிடந்தது.

காரணம் எளிது, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. பிரெட்போர்டில் ஐந்தைந்து துளைகள் உள்ளே ஒரே உலோகப் பட்டையால் இணைந்தவை. கேபிளின் கனெக்டரிலோ ஊசிகள் இரட்டை வரிசை. குத்தினால் எதிரெதிர் ஊசிகள் இரண்டும் ஒரே பட்டையில் விழும். ஒன்றும் இரண்டும் சேர்ந்துவிடும், மூன்றும் நான்கும் சேர்ந்துவிடும். நடுப் பள்ளத்துக்கு இந்தக் கரையில் ஒரு வரிசை, அந்தக் கரையில் ஒரு வரிசை என்று நிறுத்தலாமா என்றால், கரைகளுக்கு இடையே 7.62 மில்லிமீட்டர், கனெக்டரின் வரிசைகளுக்கு இடையே 2.54 மட்டும். கேபிள் முழுக்க ஒன்றையொன்று தொடாமல் பக்கத்தில் பக்கத்தில் வந்த கம்பிகள், வந்து சேருகிற இடத்தில் கலந்துவிடுகின்றன. மல்டிமீட்டரை 'பீப்' சத்தத்தில் வைத்து ஒவ்வொரு ஊசியாகத் தொட்டு, இதை அவளே கண்டுபிடித்தாள். நான் ஜன்னலோரம் நின்றிருந்தேன்.

பிறகு கனெக்டரை வெட்டி எறிந்தாள். ஃபிளாப்பி கேபிளில் பத்தாவது முதல் பதினாறாவது வரையிலான கம்பிகளை ஓரிடத்தில் முறுக்கித் திருப்பிப் போட்டிருப்பார்கள். அந்த இடத்தைத் தவிர்த்து நேரான துண்டாக எடுத்தாள். திரையில் 16 ஊசிகள். ஆனால் தகவல் அனுப்பும் எட்டுக் கம்பிகளில் நான்கை விட்டுவிட்டாலும் அது வேலை செய்யும். எனவே 12 கம்பிகள். கேபிளில் கம்பிக்குக் கம்பி 1.27 மில்லிமீட்டர், பிரெட்போர்டில் துளைக்குத் துளை அதைப்போல இரண்டு மடங்கு. அதனால் விரல் நீளத்துக்குப் பிளேடால் கீறிக் கம்பிகளைப் பிரித்தாள். உள்ளே இருப்பது ஒற்றைக் கம்பி அல்ல, முடி போன்ற ஏழு இழைகள்; துளையில் குத்தினால் மடங்கும். ஒவ்வொன்றையும் முறுக்கி, ஈயம் பூசி, பெர்க் ஸ்டிரிப்பில் சால்டர் வைத்து, ஸ்லீவ் மாட்டினாள். மின்சாரம் கொடுத்ததும் முதல் வரியில் கறுப்புக் கட்டங்கள் வந்தன. ஒரு கம்பி இடம் மாறியிருந்தது. அதைச் சரிசெய்ததும் எழுத்து வந்தது.

அதற்குப் பிறகுதான் "கழட்டிரவா சார்?"

நான் வளர்ந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நெசவுத் தெருவுக்குப் பக்கத்தில். அடுத்த வீட்டுப் பெரியம்மா பாவு பிணைப்பதைப் பள்ளி விட்டு வந்து பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். தறியில் ஒரு பாவு தீர்ந்ததும் அதை முழுக்க உருவ மாட்டார்கள். அச்சிலும் விழுதிலும் கோத்திருக்கும் கடைசிச் சாண் இழைகளை அப்படியே விட்டு, புதுப் பாவின் இழைகளை அவற்றோடு ஒவ்வொன்றாக முறுக்கி இணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். ஒன்று இடம் மாறினால் துணி முழுக்கத் தெரியும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு பெரியம்மாவின் விரல்கள் ஓடும். நெய்து முடித்த சேலையை அவர் கையில் வைத்துக் கண் குளிரப் பார்த்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. மடித்தார், கொடுத்தார், அடுத்த பாவுக்கு உட்கார்ந்தார். அது அவருக்குப் பிழைப்பு. இவளுக்கு என்ன அவசரம்?

அவசரத்துக்கும் காரணம் உண்டு. 2016இல் தொடங்கிய அடல் டிங்கரிங் திட்டத்தில் பள்ளி ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம் தருகிறார்கள். நான் போகும் பள்ளிக்கு அது வரவில்லை. ஓர் இரும்பு பீரோ, அதில் இரண்டு தட்டுச் சாமான். ஆர்டுயினோ அடுத்த பிள்ளைக்கு வேண்டும், திரையும் வேண்டும். கழற்றினால்தான் அடுத்தவர் தொடங்க முடியும் என்பது அங்கே எழுதப்படாத சட்டம். ஆக, அவள் கேட்டது ஒழுங்கான கேள்வி. அதில் எனக்கு என்ன வலி?

பள்ளி நாட்களில் சுஜாதாவின் 'சிலிக்கன் சில்லுப் புரட்சி' படித்தேன். அதிலா, அதன் பிறகு வேறெங்கோவா, ஜாக் கில்பியைப் பற்றியும் படித்தேன். 1958 செப்டம்பர் 12 அன்று, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில், கண்ணாடித் துண்டில் ஒட்டிய ஒரு ஜெர்மேனியம் சில்லைத் தன் மேலதிகாரிகளுக்கு இயக்கிக் காட்டினார். மேலே மெல்லிய தங்கக் கம்பிகள் துருத்திக்கொண்டிருக்கும். படத்தில் பார்த்தால் பிள்ளைகள் செய்ததுபோல இருக்கும். அன்றைய பொறியாளர்களுக்கு இருந்த தலைவலியே இணைப்புகள்தாம். பாகங்கள் ஆயிரக்கணக்கில் பெருகப் பெருக, ஒன்றை இன்னொன்றோடு கையால் பற்றவைக்கும் இடங்கள் அதைவிட வேகமாகப் பெருகின. பற்றவைக்கிற வேலையே வேண்டாம், எல்லாம் ஒரே கல்லில் இருக்கட்டும் என்பதுதான் கில்பியின் எண்ணம். 2000இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒழுங்கற்ற அந்த முதல் துண்டை யாரும் பிரித்து அடுத்த சோதனைக்குக் கொடுத்துவிடவில்லை.

பிரெட்போர்டோ பிரிப்பதற்கென்றே பிறந்தது. அந்தக் காலத்து வானொலிப் பிரியர்கள் மரப்பலகையில் ஆணி அடித்துக் கம்பி சுற்றினார்கள். இப்போது நாம் வாங்கும் துளைப் பலகையை 1971இல் ரொனால்ட் போர்ச்சுகல் என்பவர் வடிவமைத்தார். ஈயமும் சூடும் இல்லாமல் குத்தலாம், பிடுங்கலாம். அது எத்தனை பெரிய விடுதலை என்று ஒரு முறை தப்பாகப் பற்றவைத்தவருக்குத்தான் தெரியும். ஆனால் குத்திக் குத்தி எடுத்தால் உள்ளே இருக்கும் கவ்விகள் தளர்ந்துபோகும். பழைய போர்டில் கம்பி நிற்பதுபோல நின்று, மேசையைத் தட்டினால் விட்டுப்போகும்.

எதையும் எப்போது வேண்டுமானாலும் பிடுங்கலாம் என்று பழகிய மனசும் அப்படித் தளருமா? அவள் கையைப் பார்த்தபோது இந்தப் பயம்தான் வந்தது. எழுத்து வந்ததும் அவள் துள்ளவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. கை நேராகக் கேபிளுக்குப் போனது.

ஆனால் அந்தக் கை எங்கே பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கம்பியை அல்ல, பெர்க் ஸ்டிரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்திருந்தது. நான் தலையசைத்ததும் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று அசைத்து, ஓர் ஊசிகூட வளையாமல் எடுத்தாள். ஆர்டுயினோவையும் திரையையும் பீரோவில் வைத்தாள். கேபிளை மட்டும் பிரிக்கவில்லை. எந்தக் கம்பி எந்த ஊசிக்கு என்று ஒரு தாளில் எழுதி அதில் சுற்றி வைத்தாள். அடுத்து அதை எடுக்கும் பிள்ளை கீற வேண்டாம், ஈயம் பூச வேண்டாம். அச்சில் விட்டுவைத்த பழைய இழை அது என்று நினைத்தபோது மனம் ஆறியது. வீட்டுக்கு வந்ததும் ஆற்றாமை திரும்பிவிட்டது. தான் செய்த ஒன்று ஓடுகிறது என்று ஒரு பிள்ளை நாலு நாளாவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டாமா? அம்மாவைக் கூட்டிவந்து காட்ட வேண்டாமா? அதுதானே அவளுக்குச் சேர வேண்டிய கூலி?

அவள் கூலியை ஏற்கெனவே வாங்கிக்கொண்டாளோ என்றும் தோன்றுகிறது. மல்டிமீட்டர் 'பீப்' என்று தப்பைக் காட்டிக்கொடுத்த அந்தக் கணத்தில் அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். எழுத்து வந்தபோது அவ்வளவு மலரவில்லை. அப்படியானால் விட்டுவைக்க வேண்டும் என்பது என் ஆசை, அவளுடையது அல்ல.

ஒரு பிரெட்போர்டின் விலை பெரிதல்ல. அடுத்த வருடம் ஆளுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்து, செய்ததைக் கழற்றாமல் வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லலாம். அது நல்லது என்று ஒரு நாள் தோன்றுகிறது, பகிர்ந்து பழகிய பிள்ளைகளைக் கெடுப்பது என்று மறுநாள் தோன்றுகிறது. பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லித் தருகிறவர்கள் இதைப் படித்தால், உங்கள் வகுப்பில் என்ன செய்கிறீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள். என்னால் முடிவுக்கு வர முடியவில்லை.